ஆரணி மாமாவுக்கு, கண்ணாடி மழைக்கோட்டு விஷயமாக

பெருமதிப்பிற்குரிய தாய்மாமாவும், ஆரணியில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்து சுற்றுவட்டாரத்துக்கே பக்கெட்டும் மக்கும் வழங்கிவரும் வள்ளலுமாகிய திரு. பரசுராமன் அவர்களுக்கு, திருவண்ணாமலை வேங்கிக்காலிலிருந்து தங்கள் அக்கா மகள் கவியா மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே அம்மா நலம். அப்பா நலம், அவர் கோபமும் நலம். தையல் மெஷின் நேற்றிலிருந்து எழுந்து உட்காருகிறது, கஞ்சி குடிக்கிறது. என் போன் மட்டும் காலமாகிவிட்டது. அங்கே தாங்கள், அத்தை, கடை, கடைக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கும் விற்காத சரக்கு எல்லாம் சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். போன் செத்தவர்கள் எழுதுகிறார்கள். அது செத்த கதை பின்னால் வரும். அப்பாவிடம் அவர் போனைக் கேட்டேன். "உனக்கு ஜாமீன் நின்னது உங்க மாமன். நடந்தத ஜாமீன்தாரருக்கு நீயே உன் கையால எழுது. அவருகிட்ட பேசற மாதிரி வாய்க்கு வந்தத எழுதாத. மரியாதையா, நல்ல தமிழ்ல எழுது" என்றார். அதனால்தான் இந்தத் தாங்களும் தங்களும். பயப்பட வேண்டாம், உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

ஜாமீன் விஷயம் உங்களுக்கே மறந்திருக்கும். நீங்கள் கொடுக்கிற வாக்குகள் ஜாஸ்தி, ஞாபகம் கம்மி. நான் இன்ஜினியரிங் இரண்டாவது வருஷத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து "இனிமே போகமாட்டேன்" என்று சொன்னபோது இங்கே ஒரு வாரம் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. எனக்குப் படிப்பு வராமல் இல்லை மாமா, உட்கார வராது. அதை அப்பாவுக்குப் புரியவைக்க முடியவில்லை. அவர் ஆபீசில் உட்கார்ந்தே இத்தனை வருஷம் ஓட்டிய மனுஷர். அப்போதுதான் தாங்கள் ஆரணியிலிருந்து வந்து இறங்கினீர்கள். சோபாவில் சாய்ந்தீர்கள். அம்மா போட்ட காபியைக் குடித்தீர்கள். "பொண்ணுக்கு படிப்பு புடிக்கலன்னா தொழில் புடிக்கும் மாமா. ஒரே ஒரு பௌர்ணமி டைம் குடுங்க. ஓடலன்னா நானே வந்து கையப் புடிச்சு இழுத்துனு போயி காலேஜ்ல திரும்ப சேத்துட்டு வர்றேன்" என்று அப்பா கையில் அடித்துச் சத்தியம் செய்தீர்கள். காலேஜில் திரும்பச் சேருவதற்குக் கடைசித் தேதி அந்தப் பௌர்ணமிக்கு அப்புறம்தான் வருகிறது என்று காலண்டரைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு அப்பாவும் தலையாட்டினார். ஆக, ஒரு பௌர்ணமி. ஓடினால் நான் வெளியே, ஓடாவிட்டால் மறுபடி வகுப்பறைக்கு உள்ளே. அந்தப் பௌர்ணமி வந்துவிட்டுப் போய்விட்டது. ஓடவில்லை என்று தெரிவிக்கவே இந்தக் கடிதம். ஏன் ஓடவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். இதில் தங்கள் பங்கு என்ன என்று தங்களுக்கும் தெரிய வேண்டுமல்லவா.

முதலில் தாங்கள் அனுப்பிய ரோல். கண்ணாடி பிளாஸ்டிக் என்று போனில் சொன்னீர்கள். ஆள் உயரம் இருக்கும் என்று சொல்லவில்லை. அதற்குப் பழைய வேட்டியைச் சுற்றி, மேலே கயிறு கட்டி, ஆரணி பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தீர்கள். பஸ் ஸ்டாண்டில் இறக்கி ஆட்டோவில் குறுக்கே படுக்க வைத்தால் தலைப்பக்கம் ஒரு முழம் வெளியே, கால்பக்கம் ஒரு முழம் வெளியே. ஆட்டோக்காரர் தாழ்ந்த குரலில், "எத்தன வயசும்மா?" என்று கேட்டார். எங்கள் தெருவுக்குள் ஆட்டோ திரும்பியதும் எதிர்வீட்டுக்காரர் டீவி சத்தத்தைக் குறைத்தார். இரண்டு பேர் வந்து அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தொழில் ஆரம்பித்த முதல் நாளே துக்கம் விசாரிக்க ஆள் வந்த கம்பெனி இந்த ஜில்லாவில் நம்முடையதாகத்தான் இருக்கும்.

தாங்கள் சொன்ன யோசனையும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "மழ சீசன் கண்ணு. பௌர்ணமிக்கு கிரிவலம் வர்ற ஜனத்த எண்ண முடியாது. பொம்பளைங்க நல்ல பொடவ கட்டினு வருவாங்க. பொடவ நனையவும் கூடாது, வெளிய தெரியவும் வேணும். கண்ணாடி மழக்கோட்டு தெச்சுக் குடு. துணி தெக்கற மாதிரிதான். வெட்டு, மடி, ஓட்டு. அப்பிடியே பிச்சுனு போவும்." கடைசி வாக்கியம் மட்டும் எழுத்துக்கு எழுத்து பலித்தது.

துணி தைக்கிற மாதிரிதான் என்றீர்களே, தாங்கள் வாழ்நாளில் ஒரு பட்டனாவது தைத்திருக்கிறீர்களா? நான் அம்மாவிடம் ஜாக்கெட் தைக்கக் கற்றவள்தான். அந்தத் தெம்பில் பாயை விரித்து அதன் மேல் பிளாஸ்டிக்கை விரித்தேன். விரித்தேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை, பாய்தான் தெரிந்தது. சாக்பீஸில் கோடு போட்டால் நிற்கவில்லை. குத்துமதிப்பாக வெட்டினேன். கையைத் தனியாக, முதுகைத் தனியாக வெட்டி வைத்துவிட்டுப் பார்த்தால் எதையும் காணோம். எல்லாம் அங்கேயேதான் இருக்கிறது, கண்ணுக்குத்தான் இல்லை. "எங்கடி வெச்ச?" என்று அம்மா தேட வந்தார். முதுகுத் துண்டின் மேல் காலை வைத்தார். அது சர்ரென்று கிளம்பியது. அம்மா அதில் ஏறி ஹாலைக் கடந்து போய் ஃப்ரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். "பொன்னி, பாத்து" என்று அப்பா பேப்பரை இறக்காமல் சொன்னார். அம்மா உங்களைப் பற்றி வாயைத் திறந்து ஒரு குறை சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கேட்டேன். "கண்ணுக்குத் தெரியாத சரக்க எதுக்குடி அனுப்பிக்கிறான் என் தம்பி?" என்றார். அப்புறம்தான் பாயைத் தூக்கிப் பார்த்தோம். முதுகுத் துண்டின் அளவுக்குப் பாயிலும் ஒரு ஜன்னல் விழுந்திருந்தது.

துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துவிட்டுத் தைக்கலாம். பிளாஸ்டிக்கில் ஊசி குத்தினால் குத்தியதுதான். குண்டூசி போட்டால் அதுவும் ஓட்டை. கோணலாகப் போன தையலைப் பிரித்தால் தையல் போய்விடும், கோணல் அங்கேயே நிற்கும், மழைக்கு வழி காட்டிக்கொண்டு. அதையாவது சமாளிக்கலாம். நகரவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் என்ன செய்வது? ஊசிக்குப் பக்கத்தில் துணியை அமுக்கிப் பிடிக்கிற இரும்புப் பாதம் இருக்கிறதே, அது உங்கள் பிளாஸ்டிக்கைக் கண்டதும் காதலியைக் கண்டமாதிரி ஒட்டிக்கொண்டது. நான் பெடலை மிதிக்கிறேன். சக்கரம் சுற்றுகிறது. ஊசி ஏறி இறங்குகிறது. சத்தம் பலமாக வருகிறது. இம்மியும் முன்னால் போகவில்லை, ஒரே இடத்தில் குத்திக் குத்தி நூல் உருண்டை பிடிக்கிறது. எனக்கு காலேஜ் ஞாபகம் வந்துவிட்டது.

பவுடர் போட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். போன் அப்போது உயிரோடு இருந்தது. எங்கள் வீட்டில் பவுடர் கிடையாது. திருநீறு உண்டு. இந்த ஊரில் சொந்தக்காரர்கள் கோயிலுக்குப் போனாலும் பொட்டலம், நாம் போனாலும் பொட்டலம், யார் போகாவிட்டாலும் யாராவது கொடுத்துவிட்டுப் போகிற பொட்டலம். ஃப்ரிட்ஜ் மேல் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. எடுத்துப் பிளாஸ்டிக் மேல் ஒரு சிட்டிகை தூவினேன். மாமா, என்னத்தைச் சொல்ல! வெண்ணெயில் கத்தி போனமாதிரி போனது. ஒரு பக்கம் முழுசாக ஓட்டி முடித்து நிமிர்ந்தால் அம்மா நிற்கிறார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நான் என் காலைப் பார்த்தேன். தூவியது எல்லாம் கீழே பெடல் மேல் கொட்டி, நான் அதை மிதித்துக்கொண்டிருக்கிறேன்.

"அண்ணாமலையார் திருநீற காலால மிதிக்கறியேடி, பாவி!"

"மிதிச்சாதாம்மா மெஷின் ஓடும்."

"அப்ப ஓட வேணாம்."

"உன் தம்பி குடுத்த மெஷின், உன் தம்பி குடுத்த ரோலு. வேணாம்னு அவருகிட்டயே சொல்லு."

தாய்வீட்டுச் சீராக வந்த மெஷின் என்ற பேச்சு வந்தால் அம்மா இறங்கிவிடுவார் என்று எனக்குத் தெரியும். இறங்கினார், சட்டத்தோடு இறங்கினார். பெடல் மேல் ஈரத்துணி விரிக்க வேண்டும், விழுகிற திருநீற்றைச் சேகரித்துத் துளசிச் செடிக்குப் போட வேண்டும், குளித்துவிட்டுத்தான் மெஷினில் உட்கார வேண்டும், அப்புறம் அந்த மூன்று நாள் மெஷின் பக்கமே வரக்கூடாது. எந்த மூன்று நாள் என்று விளங்காவிட்டால் அத்தையைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்து உடம்புக்கு ஏற்றமாதிரி ஷிப்ட் போட்ட ஒரே தொழிற்சாலை இதுதான். பௌர்ணமி நெருங்குகிற நேரம் பார்த்து அந்த லீவும் வந்து தொலைத்தது.

நான் லீவு எடுப்பேனா? திருநீறு வேண்டாம் என்றால் தீட்டும் இல்லை. அதே வீடியோவில் இன்னொரு வழி இருந்தது. பேப்பரை நீளமாகக் கிழித்து, பிளாஸ்டிக்குக்கு மேலே வைத்து, சேர்த்துத் தைத்துவிட்டுப் பேப்பரைப் பிய்த்து எடுத்துவிடலாம். அப்பா படித்து முடித்த பேப்பர் மூட்டையாக இருக்கிறது. தைத்தேன், நன்றாகவே வந்தது. பிய்த்தேன், பாதிதான் வந்தது. மிச்சம் தையலுக்குள் மாட்டிக்கொண்டது. வேறு துணியாக இருந்தால் உள்ளே இருப்பது வெளியே தெரியாது. நம் சரக்குக் கண்ணாடியாயிற்றே. ஒரு கோட்டின் காலரில் "கண்ணீர் அஞ்சலி". ஒன்றின் இடுப்பில் "நல்ல குடும்பத்து மணமகன் தேவை". ஒன்றின் தோளில் அன்றைய ராசிபலன்.

கோட்டைப் போட்டுப் பார்க்க மாடி வீட்டு நூரைனைக் கூப்பிட்டேன். உங்களுக்குத் தெரியும், துணிக்கடை கவுஸ் பாஷா மகள், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவள் பி.காம். படித்துக்கொண்டே இருக்கிறாள், அதனால் அப்பாவுக்கு அவளைக் கண்டால் ரொம்பப் பிடிக்கும். முதலில் கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கினாள். அக்குளில் ஆரம்பித்து இடுப்பு வரை, மாத்திரை அட்டையில் ஒரு மாத்திரையைக் கிள்ளுகிற மாதிரி, அழகாகப் புள்ளி புள்ளியாகப் பிரிந்து வந்தது. தையலை ரொம்ப நெருக்கமாகப் போட்டிருக்கிறேன், ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் பிளாஸ்டிக் என்ற ஒன்றே இல்லை. சரி என்று தையலைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். அடுத்ததைப் போட்டுக்கொண்டு பாத்ரூமில் நின்றாள். மேலே ஒரு மக்குத் தண்ணீர் ஊற்றினேன். தங்கள் கடை மக்குதான்.

"எப்டிடி இருக்கு?"

"டீ வடிகட்டி போட்டுனு நிக்கற மாதிரி இருக்கு."

"ரொம்ப ஒழுவுதா?"

"யா அல்லா, நீ ஊத்தின தண்ணி வெளிய போவறதுக்கு முன்னாடி உள்ள வந்து நலம் விசாரிச்சுட்டுப் போவுதுடி."

அப்புறம்தான் இவளுக்கு விஷயம் தெரிந்தது, திருநீறு விஷயம். "பவுடர் எங்க வீட்ல ரெண்டு டப்பா இருக்கு. ஒரு கொரல் குடுத்திருந்தா எறக்கி விட்டிருப்பேனே" என்றாள். அதற்குள் திருநீறும் மெஷின் எண்ணெயும் கலந்து அடிநூல் சுற்றுகிற பாபின் கேஸுக்குள் பஞ்சாமிர்தம் ஆகியிருந்தது. அம்மா ஹேர்பின்னால் நோண்டி எடுத்தார், ஒவ்வொரு நோண்டலுக்கும் "சிவ சிவா" என்று சொல்லிக்கொண்டு.

கோட்டு ஒழுகினால் என்ன, சின்னதாக ஒரு போன் பை தைப்போம், கிரிவலம் போகிறவர்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு மழையிலும் போட்டோ எடுப்பார்கள் என்று யோசனை சொன்னது நூரைன். அதை அழகாக மூன்று பக்கமும் இரட்டைத் தையல் போட்டு, வாய்ப்பக்கம் மடித்து மூட மடிப்பு விட்டு முடித்தது நான். சோதனைக்கு அவள் போனைக் கேட்டேன். "என்னுது வேணாம், எங்கப்பா அடிப்பாரு. உன்னுத வெச்சு பாரு. உன்னத்தான் ஏற்கெனவே எல்லாரும் அடிக்கறாங்களே" என்றாள். நியாயமாகப் பட்டது. வைத்தேன். பக்கெட்டில் இறக்கினேன். இரட்டைத் தையல் என்றால் இரட்டை வரிசை ஓட்டை என்று போனுக்குப் புரிந்த அளவுக்கு எனக்குப் புரியவில்லை. முழுகுவதற்கு முன்னால் திரையில் தங்கள் பெயர் வந்தது மாமா. "எப்டி போவுது தொழில்?" என்று கேட்கத்தான் கூப்பிட்டிருப்பீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கடை போட்டோம். பௌர்ணமி அன்று காலையிலேயே அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரமாக, ஒரு மடக்கு மேஜை, அதன் மேல் கோட்டுகள், மேஜைக்குப் பின்னால் நானும் நூரைனும். பிளாஸ்டிக் தடைக்கு யாராவது பிடிப்பார்களோ என்று நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூரைன் தைரியம் சொன்னாள். "ஒரு தடவ யூஸ் பண்ணிட்டுத் தூக்கிப் போடற பிளாஸ்டிக்கத்தான் தட பண்ணிக்கிறாங்க. உன் கோட்ட ஒரு தடவகூட யூஸ் பண்ண முடியாது. நீ சேர்த்தியே இல்ல."

காலையில் வெயில் கொளுத்தியது. மாடலுக்காக நூரைன் ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் உள்பக்கம் ஆவி பிடித்து ஆளே மங்கலாகத் தெரிந்தாள். போகிற வழியில் ஒருவர் நின்று, "இன்னாம்மா, பொண்ண பேக் பண்ணியே விக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒன்றும் போணியாகவில்லை. மத்தியானம் மலைக்குப் பின்னாலிருந்து கறுப்பாக ஒன்று எழுந்து வந்தது. தாங்கள் சொன்ன அதே மழை. சொன்னபடியே ஜனம் ஓடி வந்தது. தங்கள் யோசனை பலித்த அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் உங்களை மனதார மன்னித்தேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நாலைந்து கோட்டுதான் மிச்சம், பாக்கி எல்லாம் போய்விட்டது. போட்டுக்கொண்டு போனவர்கள் மேல் மழை விழுந்ததும் தையலில் ஒளிந்திருந்த திருநீறு கரைந்து வெள்ளை வெள்ளையாக வழிந்தது. பின்னாலிருந்து பார்க்க எல்லாரும் இப்போதுதான் அபிஷேகம் முடிந்து எழுந்து நடக்கிற மாதிரி இருந்தார்கள்.

முதல் சத்தம் கொஞ்சம் தள்ளிக் கேட்டது. கனத்த ஆள் ஒருவர் மலையைப் பார்த்து ரோட்டில் விழுந்து கும்பிட்டார். சர்ர். எழுந்தபோது கோட்டு முன்னால் பாதி, பின்னால் பாதி. திரும்பி எங்களைப் பார்த்தார். ஒரு அடி எடுத்து வைத்தார். அவர் சம்சாரம் கையைப் பிடித்து இழுத்தார். "பின்னால நடக்காதீங்க! சுத்தின பலன் பூரா போயிடும்!" அவர் நின்றார். மலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கிழிந்ததைப் பார்த்தார். அப்புறம் முன்னால் நடந்துகொண்டே, கழுத்தை மட்டும் பின்னால் திருப்பி, என்னென்னவோ சொல்லிக்கொண்டு போனார். மழைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் இன்னொருவர் அதேமாதிரி. அப்புறம் ஒரு குடும்பமே. எல்லாரும் கால் முன்னால், முகம் பின்னால். நூரைனுக்குத் தாங்கவில்லை. "இன்னா ரூல்டி உங்க சாமி போட்டுக்கிறாரு! வாங்கினவன் திரும்பி வர முடியாது. எங்கப்பா கடைக்கும் இப்டி ஒரு ரோடு இருந்தா நாங்க எப்பவோ மாடி மேல மாடி கட்டியிருப்போம்."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அதுதான் தப்பு. மலையைச் சுற்றுகிறவர்கள் சுற்றிக்கொண்டு வருவார்கள் என்பது, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு உறைக்கவில்லை.

எல்லாரும் கோயில் வாசலில் ஆரம்பித்துக் கோயில் வாசலில் முடித்துவிட்டுப் போவார்கள் என்று நினைத்தேன். சந்திரகலா என்று ஒரு அம்மா. செங்கம் பக்கம் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவர். அவர் ஓரகத்தி வீடு அடி அண்ணாமலையில் இருப்பதால் அவர் ஆரம்பித்ததே எங்கள் மேஜைக்குப் பக்கத்தில்தான். சாயங்காலம் மழை விட்டு, நாங்கள் டீ வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கும்போது, நேர்வழியாக, ஒரு அடிகூடப் பின்னால் வைக்காமல், முழு மலையையும் சுற்றி முடித்துவிட்டு எதிரே வந்து நின்றார். வெறுங்கால், நனைந்த புடவை, தோளில் மட்டும் கோட்டின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா, ஞாபகம் இருக்குதா?"

"சொல்லுங்கம்மா."

"நான் இன்னா சொல்றது? என் தோளு சொல்லுது, படி. பின்னால வந்தவன் ஒருத்தன் வழி பூரா சத்தமா படிச்சுனு வந்தான். 'ரிஷபம், வீண் அலைச்சல்'னு. நான் ரிஷபம்டி!"

நூரைன் டீயைத் துப்பிவிட்டாள்.

"சிரிக்கறியா நீ? அண்ணாமலையார நெனச்சு சுத்தலாம்னு வந்தேன். மொத்த மலையும் உங்க ரெண்டு பேர நெனச்சுதான் சுத்தினேன். ஒவ்வொரு லிங்கத்துக்கிட்டயும் உங்களப் பத்திதான் பெட்டிஷன் போட்டுக்கிறேன்."

"எட்டு லிங்கத்துக்கிட்டயுமா ஆன்ட்டி?"

"எட்டுலயும்தான். எம லிங்கத்துக்கிட்ட கொஞ்சம் ஜாஸ்தி நேரம் நின்னேன்."

சொல்லிவிட்டுக் கையிலிருந்த ஒரு மூட்டையை மேஜை மேல் டொப்பென்று வைத்தார். அவர் செருப்பு. வாங்கிய கோட்டின் மிச்சத்தில் போட்டு முடிச்சுப் போட்டிருந்தார். "செருப்பு வெச்சிருந்த பை மழைல ஊறிக் கிழிஞ்சுது. உன் கோட்டும் கிழிஞ்சுது. இதுல அத சுத்தித் தூக்கினு வந்தேன். இதுக்குத்தான் லாயக்கு உன் கோட்டு, செருப்பு சொமக்க!" என்றார். சத்துணவுக் கூடத்துப் பிள்ளைகளை அடக்குகிற குரல். ரோட்டில் போன அத்தனை பேரும் நின்று மேஜையைப் பார்த்தார்கள். கண்ணாடி மூட்டைக்குள் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, கடைக்கு வைத்த பொம்மை மாதிரி, பளிச்சென்று தெரிந்தது. இதற்கு மேல் ஒரு தொழிலுக்கு என்ன மரியாதை வேண்டும் மாமா? அவர் கொடுத்த காசைத் திருப்பிக் கொடுத்தேன். மடக்கு மேஜையை மடக்கினோம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். பீரோவைத் திறந்து என் பழைய காலேஜ் ஐடி கார்டைத் தேடி எடுத்து, கயிற்றைச் சீராகச் சுற்றி, டீவிக்குப் பக்கத்தில் வைத்தார். டீவி பார்க்கும்போதெல்லாம் அதில் இருக்கிற என் போட்டோ என்னைப் பார்க்கிறது. அம்மா அன்றைக்குச் சாதத்தில் நெய் ஜாஸ்தியாக விட்டார். ஊருக்குப் போகிற ஆளுக்கு விடுகிற மாதிரி.

ஆகவே மாமா, ஒத்துக்கொள்கிறேன். தங்கள் யோசனை தோற்றது, தங்கள் பிளாஸ்டிக் தோற்றது, இரண்டையும் நம்பிய நானும் தோற்றேன். தாங்கள் சத்தியம் செய்தபடி வருகிற திங்கட்கிழமை வந்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் என்னைச் சேர்த்துவிட வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். இழுக்கச் சிரமம் இருக்காது, நானே நடந்து வருவேன். வரும்போது மிச்சமிருக்கும் ரோலையும் அதே வேட்டியில் சுற்றி ஆரணிக்கே எடுத்துப் போய்விடுங்கள். இனி என் வாழ்நாளில் கண்ணாடி பிளாஸ்டிக்கைக் கையால் தொடமாட்டேன், கண்ணாலும் பார்க்கமாட்டேன், பார்த்தாலும் தெரியப்போவதில்லை.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் கடையில் விற்காத சரக்கெல்லாம் விற்று, வாங்கியவர்கள் எல்லாரும் திரும்பி வர முடியாத வழியாகவே போய், ஒருவரும் சுற்றிக்கொண்டு வராமல், தாங்கள் குறைவில்லாமல் வாழ அண்ணாமலையார் துணையிருப்பாராக.

இப்படிக்கு,
தாங்கள் ஜாமீனில் எடுத்த அக்கா மகள்,
கவியா

பின்குறிப்பு: மாமா, மேல இருக்கறத அப்பா முழுசா படிச்சுட்டாரு. அந்த மூணு நாள் வரி வந்தப்ப மட்டும் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. "மரியாதையா எழுதியிருக்க"ன்னு சொல்லிட்டு, கவர ஒட்றதுக்கு கோந்து தேடப் போய்க்கிறாரு. அவரு வர்றதுக்குள்ள எழுதிடறேன். காலேஜும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் வரல. அன்னிக்கு அந்தம்மா செருப்ப மேஜ மேல வெச்சுத் திட்டனாங்கன்னு எழுதனேனே, அதுக்கு அப்புறம் நடந்தத எழுதல. நின்னு வேடிக்க பாத்தாங்கல்ல, அதுல ஒரு பாட்டம்மா வந்து என்னக் கேக்கல, அவங்களக் கேக்கறாங்க. "இந்தப் பை எங்கம்மா வாங்கின? செருப்ப விட்டுட்டு வந்தா களவு போவுது, பூஜ பையிலயும் வெக்க முடியல, கைல தூக்கினே சுத்தறேன்"ன்னு. அந்தம்மா ஒரு நிமிஷம் என்னப் பாத்தாங்க, செருப்பப் பாத்தாங்க. "இந்தப் பொண்ணுதான் தெக்குது. கோட்டு கேக்காத, பை கேளு. இழுத்துப் பாத்து வாங்கு"ன்னு சொல்லிட்டு, அப்புறம் ஓரகத்தி வீட்டுக்கே போகாம எங்க மேஜ பக்கத்துலயே நின்னு கூவிக் கூவி வித்துக் குடுத்தாங்க. மிச்சமிருந்த கோட்டு கையெல்லாம் அங்கயே வெட்டி, ஒரு பக்கம் முடிச்சுப் போட்டுக் குடுத்தோம். ஓட்ட இருக்குதேன்னு ஒருத்தரும் கேக்கல. செருப்பு ஈரம் வடியணும்ல. அடுத்த பௌர்ணமிக்கு வேணும்னு எவ்ளோ பேரு சொல்லிட்டுப் போயிக்கிறாங்க தெரியுமா? நேத்துலருந்து மெஷின்ல உக்காந்து மிதிக்கறது நான் இல்ல, அம்மா. நீங்க குடுத்த சீராச்சே, என்ன எழுப்பி விட்டுட்டாங்க. செருப்பு வெக்கற பைக்கு திருநீறு ஆவாதுன்னு அவங்களே மாடிக்குப் போயி நூரைன் வீட்டு பவுடர வாங்கினு வந்துட்டாங்க. அப்பா கேட்டா தலகாணி உறன்னு சொல்றாங்க. உங்க அக்கா இவ்ளோ நல்லா பொய் சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது.

இப்ப நீங்க பண்ண வேண்டியது. லெட்டர் கெடச்ச ஒடனே அப்பாவுக்கு போன் போடுங்க. நான் திருந்திட்டேன்னு குரல் தழுதழுக்கப் பேசுங்க. அவரு எளகினதும், "பாவம் மாமா, புள்ள மனசு ஒடஞ்சு எழுதிக்கிது, இப்ப கொண்டுபோயி தள்ளினா தாங்காது, கடைசித் தேதி போனா அடுத்த வருஷமும் வரும், இன்னும் ஒரே ஒரு பௌர்ணமி பாக்கலாம்"னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு. ஏன் கேக்கறாருன்னு எங்க யாருக்கும் புரியல. திங்கக்கிழம நீங்க வாங்க, ஆனா கூட இன்னொரு ரோலும் வரணும். இதவிட கெட்டி ரகம். ரோல் இல்லாம நீங்க மட்டும் வந்தா நான் காலேஜுக்குக் கெளம்பி வர்றேன், ஆனா பஸ்ல உங்க பக்கத்துல உக்காந்துனு உங்க மழக்கோட்டு யோசனைய மொதல்லருந்து சத்தமா சொல்லினே வருவேன். ஆரணிக்காரங்க எவ்ளோ பேரு அந்த பஸ்ல வருவாங்கன்னு உங்களுக்கே தெரியும். அப்பா செருப்புச் சத்தம் கேக்குது. கோந்து கெடச்சுடுச்சு போல.

தாங்கள் எது செய்தாலும் என் நன்மைக்கே என்று முழுமனதுடன் நம்பும்,
கவியா